ஊர் வரலாறும் உண்மைச் சாட்சியும்

ஊர் வரலாறு எழுதும் ஆர்வம் நம் சமுதாயத்தில் பெருகி வருகிறது. பள்ளிவாசல் புதுப்பிக்கப்பெற்றால் ஒரு மலர். மத்ரஸாவுக்கு ஐம்பதாண்டு நிறைந்தால் ஒரு மலர். அம்மலர்களில் ‘எங்கள் ஊர்’ என்றொரு கட்டுரை தவறாது இடம்பெறுகிறது. பாட்டனார் பெயருக்கு மேல் அறியாத தலைமுறை ஒன்று தோன்றிவிட்ட இக்காலத்தில் இவ்வார்வம் வரவேற்கத்தக்கதே. எழுத முன்வருவோரை நாம் மனமார வாழ்த்துகிறோம். ஆயினும் வாழ்த்தோடு நின்றுவிடுவது ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு அழகன்று. குறை கண்டவிடத்து அதனை எடுத்துரைப்பதும் நம் கடனாகும்.

சில திங்களுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் நல்லம்பள்ளிக்கு நம்மைத் தேடி வந்தார். அவர் ஊர்ப் பள்ளிவாசல் மலருக்காக எழுதிய வரலாற்றுக் கட்டுரையின் கையெழுத்துப் படியை நம் முன் வைத்து, “ஹள்ரத், ஒருமுறை பார்த்துத் திருத்தித் தாருங்கள்” என்றார். ஏறத்தாழ நாற்பது பக்கம். அன்றிரவே படித்து முடித்தோம். நடை நன்று, உழைப்பும் தெரிந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியில் தொடங்கி, ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தைப் பன்னிரண்டு பக்கங்களில் விரித்து, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் ஆங்கிலேயர் கைக்குச் சென்றதைக் கூறி, பின்னர்ப் பள்ளிவாசல் கட்டியோர், நிலம் அளித்தோர், முத்தவல்லிகள் ஆகியோரின் பட்டியலோடு கட்டுரை முடிந்தது.

இதில் இரண்டு இடங்கள் நம் நெஞ்சை உறுத்தின. ஒன்று, எழுதப்பட்டிருந்த ஒரு வரி. மற்றொன்று, எழுதப்படாது விடப்பட்ட ஒரு செய்தி.

எழுதப்பட்டிருந்த வரி, தாது வருடப் பஞ்சத்தைப் பற்றியது. அப்பஞ்சத்தில் நம் சமுதாயத்தார் ஆயிரமாயிரமாய் மடிந்தனர் என்று அவர் எழுதியிருந்தார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அக்கொடும் பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தை மிகக் கடுமையாகத் தாக்கியது. தருமபுரி அப்போது அம்மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1965ஆம் ஆண்டில்தான். 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கையும் 1881ஆம் ஆண்டுக் குடிக்கணக்கையும் ஒப்பிட்டால் சேலம் மாவட்டத்து மக்கள்தொகை பெரிதும் குறைந்திருப்பதைக் காணலாம். ஆகவே மடிந்தனர் என்பது உண்மையே. ஆனால் பஞ்சம் என்ன மார்க்கம் கேட்டா மக்களைக் கொன்றது? ஏர் பிடித்தவனும் தறி நெய்தவனும் தோல் பதனிட்டவனும் ஒரே கஞ்சித் தொட்டியின் முன் நின்றனர். பொதுத் துயரை நம் துயராக மட்டும் எழுதிக்கொள்வது, பிறர் பங்கைக் கவர்வதை ஒக்கும். மேலும், ‘ஆயிரமாயிரம்’ என்றாரே, அதனை யார் எண்ணினார்? யார் சொல்ல இவர் கேட்டார்?

விடப்பட்ட செய்தி 1992ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நம் மாவட்டத்திலேயே, அரூர்ப் பகுதியில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடிச் சிற்றூரில் நிகழ்ந்தது. மாவட்டத்தின் வரலாற்றையே தொட்டெழுதியவர் இதனைப் பற்றி ஓரெழுத்தும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டோம். “அது நம் சமுதாயத்து விஷயம் இல்லையே, ஹள்ரத்” என்றார். நல்ல பிள்ளை; கபடின்றித்தான் சொன்னார். அந்த மறுமொழியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

துயர வரலாற்றை எழுதும் முறை நம் மண்ணுக்குப் புதிதன்று. தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. பல்லவர், கங்கர், நுளம்பர் காலத்துக் கற்கள் பல இங்கே கிடைத்துள்ளன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் அவற்றைக் காணலாம். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அக்கற்களைப் படித்தறிந்தோர் கூறுவதைக் கேளுங்கள். முதலில் அரசன் பெயரும் அவனது ஆட்சியாண்டும் வரும். அடுத்து, எவர் எவருடைய தொறுவைக் கவர்ந்தனர் என்பது வரும். தொறு என்றால் ஆநிரை. பின்னர், அதனை மீட்கப் போராடி வீழ்ந்தவன் பெயர் வரும். காலம், காரணம், பெயர் ஆகிய மூன்றும் சில வரிகளில் அடங்கிவிடும். வீழ்ந்தவன் பெருவேந்தன் அல்லன். ஓர் ஊரின் காவலன், ஒரு தலைவனின் சேவகன். ஆயினும் அவன் பெயர் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாய் நிற்கிறது.

இதற்கு மாறாக, நல்லம்பள்ளியை அடுத்த அதியமான்கோட்டையின் பெயரில் வாழும் அதியர் குலத்தின் வீழ்ச்சியைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. காக்கப்படாத ஏடு அழியும். மன்னனைப் பாடிய நூல் சிதைந்துபோக, மாடு மீட்டவனைக் குறித்த கல் நிலைத்துவிட்டது. ஊர் வரலாறு எழுதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இனி, நாம் ஓதிய கல்வி இதனைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஹதீஸ் கலையில் செய்திக்கு முன்னே இஸ்னாது வருகிறது. இதனை எனக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார் என்னும் அறிவிப்பாளர் தொடரே இஸ்னாது. ஒவ்வொரு ராவியும் நேர்மையாளரா, நினைவாற்றல் உடையவரா என்று முஹத்திஸ்கள் துருவி ஆராய்ந்தனர். ராவி செல்வரா, பதவியில் உள்ளவரா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரும் பெண்மணிகளும் ஏற்புடைய அறிவிப்பாளர்களாய் விளங்கியுள்ளனர். அதிகாரத்தில் இருந்தோரின் சொல்லும் தள்ளப்பட்டதுண்டு. எழுதப்பட்ட தாள் என்பதாலேயே அதற்கு மதிப்பு வந்துவிடாது. எழுதியவன் யார் என்பதே முதற் கேள்வி.

எண்ணிக்கை பற்றியும் முன்னோர் எச்சரித்துள்ளனர். இப்னு கல்தூன் (ரஹ்) தம் ‘முகத்திமா’வின் தொடக்கத்திலேயே வரலாற்றாசிரியர்களின் தவறுகளை ஆராய்கிறார். மூஸா (அலை) அவர்களுடன் சென்ற படையினர் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்று மஸ்ஊதி போன்றோர் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்துணைப் பெரும்படை எந்நிலத்தில் அணிவகுத்திருக்கும், சில தலைமுறைக்குள் ஒரு குடும்பம் அவ்வளவு பெருகுமா என்று வினவுகிறார். கூட்டிச் சொல்வதில் மனிதர்க்கு இயல்பாகவே ஒரு சுவை உண்டு. துயரைக் கூட்டிச் சொல்பவர் அதனைப் பெரிதாக்குவதாக எண்ணுகிறார். ஆனால், கேட்போர்க்கு ஓரிடத்தில் ஐயம் பிறந்துவிட்டால் மெய்யும் பொய்யாய்த் தோன்றிவிடும்.

சமுதாயத்தின் துயரை எழுதியதற்கு நமக்கு மிக அருகிலேயே ஓர் அரபு நூல் உண்டு. பொன்னானியைச் சேர்ந்த ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) பதினாறாம் நூற்றாண்டில் இயற்றிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ அது. இதனைச் சென்னைப் பல்கலைக்கழகத்து அரபுப் பேராசிரியர் முஹம்மது ஹுஸைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்க்க, 1942இல் பல்கலைக்கழகமே வெளியிட்டது. போர்த்துக்கேசியர் மலபாரில் இழைத்த கொடுமைகளை 1498 முதல் 1583 வரை அந்நூல் வரிசைப்படுத்துகிறது. கப்பல்கள் கொள்ளை போயின, பள்ளிவாசல்கள் எரிந்தன, ஹஜ்ஜுக்குச் சென்றோர் வழிமறிக்கப்பட்டனர். போரிடத் தூண்டுவதற்காக எழுதப்பட்ட நூல்தான் அது. ஆயினும் அதன் நேர்மையைக் கவனியுங்கள். தம் சமுதாயத்தைக் காத்து மதித்த இந்து அரசர்களை ஆசிரியர் நன்றியோடு குறிப்பிடுகிறார். அண்டை மக்களாகிய மலபார் இந்துக்களின் வழக்கங்களுக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்குகிறார். துன்பம் வந்ததற்கு முஸ்லிம்களின் நன்றிகேட்டையும் பிழைகளையும் காரணமாய்ச் சொல்லத் தயங்கவில்லை. இவ்வாறு தன் காயத்தைக் காட்டும்போதும் தன் பிழையை மறைக்காமலும், அண்டை வீட்டாரை மறவாமலும் எழுதினார். உண்மைக்குச் சாட்சி சொல்லுங்கால் அது தமக்கே எதிராயினும் நீதியில் நிலைத்திருக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் இடும் கட்டளையைப் பேனா பிடிப்போர் தமக்கும் உரியதாகக் கொள்ள வேண்டாவா?

இவ்வளவுகோல்களைக் கையிற் கொண்டு வாச்சாத்திக்கு வருவோம்.

1992 ஜூன் 20ஆம் நாள், சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறையினர் 155 பேரும், காவல்துறையினர் 108 பேரும், வருவாய்த்துறையினர் 6 பேரும் அவ்வூரில் நுழைந்தனர். ஊரார் ஆலமரத்தடியில் திரட்டி அடிக்கப்பட்டனர். பதினெட்டுப் பெண்கள் ஏரிப் பக்கம் கொண்டு செல்லப்பட்டு மானபங்கப்படுத்தப்பட்டனர். அவர்களுள் சிறுமியரும் இருந்தனர். பெண்களும் குழந்தைகளும் உட்பட 133 பேர் பிடிக்கப்பட்டுச் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன. தானியத்தில் கண்ணாடித் தூள் கலக்கப்பட்டது. குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. ஆடும் கோழியும் சூறையாடப்பட்டன.

இந்நிகழ்ச்சியை முதலில் எழுதியவர்கள் யார்? செய்தவர்களே எழுதினர். கடத்தல்காரர்கள் பிடிபட்டனர், அதிகாரிகள் தாக்கப்பட்டனர் என்பது அவர்களது தாள். அரசுத் தரப்பும் தொடக்கத்தில் நடந்ததை மறுத்தது. மறுபக்கத்தில் இருந்தது என்ன? எழுத்தறியாப் பெண்களின் வாய்ச்சொல். வெறும் தாளை நம்பி ஊர் வரலாறு எழுதுபவர் ஒருவர் 1992இல் அரூருக்குச் சென்றிருந்தால், பொய்யைத்தான் எழுதியிருப்பார். அதற்குக் கோப்பு எண்ணும் கொடுத்திருப்பார்.

அச்சொல்லைக் கேட்டவர்களும் இருந்தனர். மலைவாழ் மக்கள் சங்கத்தார் அவ்வூருக்குச் சென்று கேட்டனர். மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் அ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி விசாரித்து அறிக்கை அளித்தார். 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு ஆணையிட்டது. அப்பெண்கள் அச்சுறுத்தல்களைத் தாங்கி, அடையாளம் காட்டினர். குறுக்கு விசாரணைக்கு விடையளித்தனர். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி முதன்மை மாவட்ட நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் விசாரணைக் காலத்திலேயே இறந்துபோன 54 பேர் நீங்கலாக எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் தாமே வாச்சாத்திக்குச் சென்று இடங்களைப் பார்வையிட்டார்; 2023ஆம் ஆண்டு, அதே செப்டம்பர் 29ஆம் நாளில், தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றம் புரிந்தோரிடமிருந்து பெறவும் ஆணையிட்டார்.

முப்பத்தோர் ஆண்டு! ராவிகளின் அதாலத்தையும் நினைவையும் இதனினும் கடுமையாகச் சோதித்த சபை ஏது?

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிடில் மாணவரைக் கண்டிக்கும் தகுதி நமக்கில்லை. 1992இல் நாம் இருபதை ஒட்டிய வயதினராய் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தோம். விடுமுறைக்கு வீடு திரும்பும் வழியில், தேநீர்க் கடையில் ஒரு செய்தி காதில் விழுந்தது: அரூர்ப் பக்கம் சந்தனக் கட்டைத் திருடர்கள் கூட்டமாய்ப் பிடிபட்டார்களாம், ஊரே கள்ளர் ஊராம். யார் சொன்னது என்று நாம் கேட்கவில்லை. வீட்டிலும் சொன்னோம், தொழுகை முடிந்து அமர்ந்திருந்த பெரியவர்களிடமும் சொன்னோம். காதில் விழுவதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்னும் கருத்துடைய நபிமொழியை, ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் அவ்வாண்டில்தான் நாம் ஓதியிருந்தோம். பிற்காலத்தில் வழக்கின் செய்திகள் வெளிவந்தபோது அந்த மாலை நம் நினைவுக்கு வந்தது. நாம் சொல்லக் கேட்ட பெரியவர்களுள் பலர் அதற்குள் மண்ணறை சேர்ந்துவிட்டனர். அவர்களிடம் திருத்திச் சொல்ல வழியில்லை. இக்கட்டுரையின் வாயிலாக ஏனையோரிடம் திருத்திக்கொள்கிறோம்.

குடும்பத்தார் படிக்கும் இதழில் இத்தகைய செய்தியை எழுதலாமா என்று சிலர் தயங்கக்கூடும். தயக்கம் இயல்பே. ஆனால் நாணம் யாருக்கு உரியது? அநீதி இழைத்தவருக்கன்றோ? தன் கணவரால் நேர்ந்த குறையை முறையிட்ட ஓர் எளிய பெண்மணியின் சொல்லை அல்லாஹ் செவியுற்றான் என்று தொடங்கும் அத்தியாயம் ஒன்று நம் வேதத்தில் உண்டு. அதற்கு அல்முஜாதலா என்றே பெயர். கவ்லா (ரலி) என்னும் அப்பெண்மணி முதுமையில் வழிமறித்துப் பேசியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நின்று கேட்டார்கள் என்பது நாம் அறிந்த வரலாறு. ஏழு வானங்களுக்கு மேல் கேட்கப்பட்ட குரலை நாம் கேளாதிருப்பது முறையா?

ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. நடுகல் வீழ்ந்தவனின் பெயரைச் சொல்கிறது. இஸ்னாதும் பெயர்களால் ஆனது. வாச்சாத்திப் பெண்களின் பெயர்களையோ எழுதலாகாது. சட்டமும் தடுக்கிறது, மானம் காக்கும் நம் மார்க்கமும் அதையே விரும்பும். ஆகவே ஊரை எழுதுக, நாளை எழுதுக, செய்தவர்கள் எத்துறையினர் என்பதை எழுதுக, தீர்ப்பை எழுதுக. பெயரை மறைப்பதும் நிகழ்ச்சியை மறைப்பதும் ஒன்றல்ல.

இத்தகைய துயரங்களைக் கற்பனை இலக்கியமும் கையாண்டுள்ளது. மாணவர்க்கு இரண்டு நாவல்களை எடுத்துக்காட்டினோம். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அதனைப் பின்னணியாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. எழுத்தில் வல்லவர் அவர், ஐயமில்லை. ஆயினும் அக்கொடுமையின் வேரை நிலக்கிழாரின் உடற்குறையிலும் மனக்கோளாற்றிலும் தேடியதால், கூலிக்கும் நிலத்திற்கும் நடந்த போராட்டம் பின்னுக்குப் போயிற்று எனப் பலர் குறை கூறினர். அக்குறை நியாயமானது என்றே நமக்கும் தோன்றுகிறது. எரிந்தவர்களைவிட எரித்தவனே அதிகமாய் நம் நினைவில் நிற்கிறான். நடுகல்லில் மாடு கவர்ந்தவனுக்கா சிலை எடுக்கிறார்கள்?

மற்றொன்று ச. பாலமுருகன் எழுதி 2004இல் வெளிவந்த ‘சோளகர் தொட்டி’. வீரப்பனைத் தேடிய இரு மாநிலப் படைகளால் சோளகர் என்னும் பழங்குடியினர் பட்ட பாட்டைச் சொல்வது. ஆசிரியர் மனித உரிமைக்காக உழைக்கும் வழக்கறிஞர். பாதிக்கப்பட்டோரை நேரில் கேட்டறிந்தவர். எனினும் நூலின் முற்பகுதியில் துப்பாக்கிச் சத்தம் மேலோங்குவதில்லை. காடும், விதைப்பும், வேட்டையும், சடங்கும், நிலம் பறிபோன கதையுமாய் அம்மக்களின் வாழ்வே விரிகிறது. அதனால் பிற்பகுதியில் அடி விழும்போது, நமக்கு அறிமுகமானவர் மேல் விழுவதாக உணர்கிறோம். பிற்பகுதியில் கொடுமைகள் அடுக்கி வருவதால் சில பாத்திரங்கள் சாட்சிக் கூண்டில் நிற்போராய் மட்டும் தேய்ந்துவிடுகின்றனர் என்பது நாம் காணும் குறை. ஆயினும் இறந்தவரையும் இழந்தவரையும் எண்ணாக்காமல் மனிதராய்க் காட்டிய வகையில் ஊர் வரலாறு எழுதுவோர்க்கும் அந்நூல் ஒரு பாடம்.

மாணவரிடம் நாம் சொன்னவை இவையே: “தம்பி, பஞ்சத்தைப் பற்றி எழுதுங்கள், ஆனால் ஊர் முழுவதும் பட்டினி கிடந்ததாக எழுதுங்கள். எண்ணிக்கை தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் பாட்டியார் தம் பாட்டியாரிடம் கேட்டது ஏதேனும் இருந்தால், அவர் சொன்னார் என்று குறித்து எழுதுங்கள். திப்பு சுல்தானுக்குப் பன்னிரண்டு பக்கம் கொடுத்தீர்கள். அக்காலத்தில் உங்கள் ஊரில் யார் என்ன பயிரிட்டார்கள் என்பதற்கு ஒரு பக்கமாவது கொடுங்கள். வாச்சாத்தியை விட்டுவிடாதீர்கள். அரூருக்குப் போய் வாருங்கள்.”

“மலர்க் குழுவினர் கேட்டால் என்ன சொல்வது, ஹள்ரத்?”

“அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆவில் பயான் செய்கிறோமே, அதனை நினைவூட்டுங்கள்.”

மூன்று திங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். கையெழுத்துப் படி நாற்பது பக்கத்திலிருந்து முப்பத்தாறாகக் குறைந்திருந்தது. பஞ்சத்தைப் பற்றிய வரி மாறியிருந்தது, ‘ஆயிரமாயிரம்’ போய்விட்டது. வீட்டு மூத்த பெண்மணி ஒருவர் சொல்ல எழுதிய ஒரு பத்தி புதிதாய்ச் சேர்ந்திருந்தது: பஞ்ச காலத்தில் அவர்கள் குடும்பத்திற்குக் கற்றாழைக் கிழங்கைப் பக்குவப்படுத்தி உண்ணக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துத் தெருவின் பிற சமயப் பெண் ஒருவர் என்று, சொன்னவர் யாருக்கு யார் உறவு என்பதோடு எழுதியிருந்தார். வாச்சாத்திக்கு ஒரு முழுப் பக்கம். நாளும் தொகையும் சரியாக இருந்தன. அலங்காரச் சொல் ஒன்றும் இல்லை. அப்பக்கத்தை அச்சிடுவது பற்றிக் குழுவில் இன்னும் முடிவாகவில்லை என்றார்.

முடிவு எதுவாயினும், அந்தப் பக்கம் எழுதப்பட்டுவிட்டது. அதன் ஒரு படியை நம் பெட்டியில் வைத்திருக்கிறோம். மலர்க் குழுவில் உள்ள பெரியோர் இவ்விதழைப் படிப்பவர்கள் என்று அறிவோம். அவர்கள் நீதியின் பக்கம் நிற்பார்கள் என நம்புகிறோம். அதற்காகத் துஆச் செய்கிறோம்.

வல்லாஹு அஃலம்.